மருதமுத்துவின் வலது பாதம்

ஊசி காணாமல் போய் இரண்டு நாள் ஆகிவிட்டது என்று தையற்காரர் மருதமுத்து மலாக்காவில் எங்கள் காஜா பேராங் தெருவையே ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார். முழு ஊசி அல்ல. மிஷினில் தைக்கும்போது ஒடிந்து விழுந்த முனை. அரை அங்குலம் இருக்கும். ஒடிந்த துண்டு கைக்கு வராமல் துணியை வெளியே கொடுக்கக் கூடாது, உடுத்துகிறவர் உடம்பில் ஏறிவிடும் என்பது அவருடைய தொழில் ஒழுக்கம். அதற்காகக் கடையைப் பெருக்கினார், பெருக்கிய குப்பையைக் காந்தத்தால் தடவினார், மனைவி நாகம்மாவைத் திட்டினார். அப்படியும் கிடைக்காததால் என்னைக் கூப்பிட்டார்.

நான் எதிர்வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். டவுன் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் வேலை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து ஐந்தாவது வருடம். அது 1957 ஜூன் மாதம். ஆகஸ்டு கடைசியில் நாட்டுக்குச் சுதந்திரம். அதற்குப் பிறகு என்னைப் போல வெளியிலிருந்து வந்தவர்களை வைத்துக்கொள்வார்களா, கப்பலேற்றி விடுவார்களா என்று எனக்குத் தூக்கம் கெட்டிருந்த சமயம். அந்தக் கவலையோடு இவருடைய ஊசிக் கவலையையும் சேர்த்துச் சுமக்கச் சொன்னார்.

"டிரெஸ்ஸரே, உங்க கண்ணு சின்னச் சின்னதாப் பாக்குற கண்ணு. கொஞ்சம் மிஷினுக்கு அடியில பாருங்கலா."

குனிந்து பார்த்தேன். காலால் மிதிக்கும் இரும்புப் பலகையின் பூவேலை ஓட்டைகளில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. எண்ணெய் என்று நினைத்து விரலால் தொட்டேன். எண்ணெய் இல்லை.

"அண்ணே, வலது காலத் தூக்குங்க."

"ஊசியத் தேடச் சொன்னா காலத் தூக்கச் சொல்றீங்களே."

"தூக்குங்கங்கிறேன்!"

தூக்கினார். பெருவிரலுக்குக் கீழே, பாதம் மேடாக இருக்கும் இடத்தில், மஞ்சளாக ஒரு காய்ப்பு. அதன் நடுவில் ஈரமாக ஒரு குழி. குழிக்குள் எஃகு மின்னியது. என் பையிலிருந்த இடுக்கியால் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. அவர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"அடேயப்பா! இங்கியா இருந்துச்சு!" என்று என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, வேட்டியில் துடைத்து, ஒடிந்த மேல் துண்டோடு வைத்துப் பார்த்தார். "பொருந்துது பாருங்க. மிச்சம் ஒண்ணுமில்ல, முழுசா வந்துருச்சு." உள்ளே பார்த்து நாகம்மாவுக்கு மலாயில் சந்தோஷ சமாச்சாரம் சொன்னார். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ரெண்டு நாளா உள்ள இருந்திருக்கு. வலிக்கலையா?"

"எதுக்கு வலிக்கணும்? பதினஞ்சு வருசம் மிஷின் மிதிச்ச காலு, தம்பி. இரும்பாப் போச்சு."

இதைப் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையோடுதான் நான் அடுத்த இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன்.

மருதமுத்துவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. தோட்டத்தில் கித்தா மரம் வெட்டி, அதாவது ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் துணி கிடைக்காமல் சாக்குப் பையைச் சட்டையாகத் தைக்கப் பழகி, அப்படியே தையற்காரர் ஆனார். அவரோடு மரம் வெட்டிய பலரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு ஜப்பான் அதிகாரியின் கால்சட்டை மிஷினில் பாதி தைத்த நிலையில் இருந்ததால் இவரை விட்டுவிட்டார்களாம். "என் உசுரக் காப்பாத்துனது இந்தக் கால்தான்லா" என்று வலது தொடையைத் தட்டிக் காட்டுவார். செருப்புப் போட்டு மிதிக்க மாட்டார். வெறும் பாதம் இரும்பில் பட்டால்தான் மிஷினின் ஓட்டம் தெரியும் என்பார். பாதத்தைப் பார்த்தால் மிதியின் பூவேலை அதில் அச்சாகியிருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியில் அவருடைய சிறுநீரைச் சோதித்தவன் நான்தான். நீல மருந்து கொதித்துச் செங்கல் நிறத்துக்கு வந்தது. இனிப்புநீர், சர்க்கரை வியாதி, என்றேன். "எங்க தெருவுல பாதிப் பேருக்கு இருக்கு, எனக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அந்த நோய் கால் நரம்பைத் தின்றுவிடும், கால் மரத்துவிடும், மரத்த காலை இரும்பு நாள் முழுக்க ஒரே இடத்தில் அழுத்தினால் காய்ப்பு விழும், காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கி அழுகும் என்று அன்றே சொன்னேன். தலையாட்டிவிட்டு, நான் கொடுத்திருந்த கால்சட்டைக்கு இடுப்பளவு போதுமா என்று கேட்டார்.

ஊசி எடுத்த மறுநாள் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். பெரிய டாக்டர் அவர் கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் பஞ்சால் தொட்டார், பிறகு குண்டூசியால்.

"எப்ப ஆரம்பிப்பீங்க, டாக்டர்?" என்றார் மருதமுத்து. முடிந்தே போயிருந்தது.

ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது, மிஷினை மிதிக்கவே கூடாது, மீறினால் காலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொன்னார். வார்டில் படுக்கை போட்டோம். பென்சிலின் போட்டோம். மூன்றாம் நாள் காலை நான் வேலைக்குப் போனபோது படுக்கை காலி. தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறியிருந்தார்.

கடைக்கு ஓடினேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னாண்ணே இது!"

"கோவிக்காதீங்க. சுதந்திரத்துக்கு முந்நூறு கொடி. ஆகஸ்டு கடைசிக்குள்ள குடுக்கணும். பள்ளிக்கூடம், கோயிலு, செமாபோக் கடைக்காரங்க, புக்கிட் பாரு வாலிபர் சங்கம், எல்லாரும் சொல்லிட்டாங்க. கோடு தைக்கிறது சும்மா. அந்த நட்சத்திரம் இருக்கு பாருங்க, பதினொரு முனை! எவன் கண்டுபிடிச்சானோ. ஒரு முனை கோணிச்சுன்னா நாடே கோணுனாப்புல இருக்கும்லா."

"கால் போச்சுன்னா எதால மிதிப்பீங்க?"

"அதான் சொல்றேன், இருக்கும்போதே மிதிச்சு முடிச்சிடணும்."

இந்த மனிதரிடம் பேசிப் பயனில்லை, வீட்டுக்காரியிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அங்கேதான் தப்பு நடந்தது.

நாகம்மா காஜா பேராங் செட்டி வீட்டுப் பெண். அவர்கள் வம்சம் பல நூறு வருடமாக மலாக்காவில் இருக்கிறது. சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், வீட்டில் பேசுவது மலாய். அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் உறவுமுறைப் பெயர்களும் பூஜைச் சாமான் பெயர்களும்தான். எனக்குத் தெரிந்த மலாயெல்லாம் பாசாரில் விலை கேட்கவும், கேட்ட பிறகு குறைக்கச் சொல்லவும் மட்டும். தமிழும் இங்கிலீஷும் பரீட்சை எழுதித் தேறியவன் நான். அந்த வீட்டு அடுப்படியில் இரண்டும் செல்லவில்லை. ஆகவே நான் சொல்வதை மருதமுத்துவே அவளுக்கு எடுத்துச் சொல்வது என்று ஏற்பாடாயிற்று.

நாற்காலியில் உட்கார்ந்து விவரமாகச் சொன்னேன். தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், இவரால் குனிந்து பார்க்க முடியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். சுடுதண்ணீர் ஆகாது, சூடு இவருக்குத் தெரியாது, தோல் வெந்துபோகும். வெறுங்காலோடு நடக்கவே கூடாது. காய்ப்பைப் பிளேடால் சீவக் கூடாது. சீனி கூடாது. மிஷின் மிதிக்க விடக் கூடாது.

நான் ஒரு மூச்சில் சொன்னதை அவர் ஏழெட்டு மலாய்ச் சொல்லில் முடித்தார். மலாய் சிக்கனமான மொழி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நாகம்மா கவனமாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். இரண்டு கையாலும் எனக்குக் காப்பி கொடுத்தாள். மனம் நிறைந்து வீட்டுக்கு வந்தேன்.

பதினைந்து நாள் தினமும் மாலையில் போய்க் கட்டு மாற்றினேன். தினமும் நாகம்மாவுக்கு அவர் மூலம் அதையே சொன்னேன். அவள் தினமும் தலையசைத்தாள். புண் மட்டும் தினமும் அகலமானது. ஐந்து காசு அளவு இருந்தது இருபது காசு அளவு ஆயிற்று. பெருவிரல் நுனி கறுத்தது. ஒருநாள் குதிகாலில் பெரிய கொப்புளம்.

"இது என்னா?"

"செருப்புக் கடிச்சிருக்கும்."

"நீங்கதான் செருப்பே போடுறதில்லையே!"

"அப்ப தரை கடிச்சிருக்கும்" என்றார்.

நாகம்மாவைப் பார்த்தேன். கணவன் கால் அழுகிக்கொண்டிருக்கிறது, இவள் சிரித்த முகமாகக் காப்பியோடு நிற்கிறாள். சொன்னதில் ஒன்றைக்கூடச் செய்யாமல் இப்படித் தலையசைக்க ஒருத்தியால் முடியுமா? காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெரிய டாக்டர் காலைப் பார்த்தார். திங்கட்கிழமை பெருவிரலை எடுத்துவிடலாம் என்றார். அதற்குள் கறுப்பு மேலே ஏறினால் விரலோடு நிற்காது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான். மருதமுத்து அதற்கும் தலையாட்டிவிட்டு, "திங்கக்கிழமைதானே? ரெண்டு நாள் இருக்கு" என்று நொண்டாமல் நடந்து போனார். நொண்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆற்றாமை தாங்காமல் அட்டெண்டர் ஹாஷிமிடம் நாகம்மாவைப் பற்றிப் பொருமினேன். ஹாஷிம் மலாய்க்காரர், என்னோடு இங்கிலீஷில் பேசுவார். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அந்த அம்மாளை நேற்று பாசாரில் பார்த்தேன். நீங்கள் சொன்னதைத்தான் அப்படியே செய்கிறாளாம். காலையும் மாலையும் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைக்கிறாள். இரத்தம் ஓட வேண்டும் என்று தினம் ஆறு மணி நேரம் மிஷின் மிதிக்க வைக்கிறாள். தெம்புக்கு இனிப்புக் காப்பி நாலு வேளை. இந்தியாவில் இப்படித்தான் வைத்தியமா என்று என்னைக் கேட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது."

அடுத்த நிமிடம் நான் என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. தமிழில் சொன்னேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது; ஹாஷிம் அர்த்தம் கேட்கவில்லை. நான் சொன்ன ஒவ்வொன்றையும் அந்த மனிதர் தன் ஆசைக்கு ஏற்றபடி திருப்பிச் சொல்லியிருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன். அந்தப் பெண் இந்தப் பைத்தியக்கார டிரெஸ்ஸரின் வைத்தியத்தை இம்மி பிசகாமல் செய்திருக்கிறாள்.

அன்று மதியம் ஹாஷிமை உட்கார வைத்து எட்டு வாக்கியம் மலாயில் எழுதிக்கொண்டேன், தமிழ் எழுத்தில், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில். சனிக்கிழமை மத்தியானம் வரை மனப்பாடம் செய்தேன். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் படித்ததில்லை.

கடையில் மருதமுத்து நட்சத்திரத்தில் இருந்தார். நாகம்மா உள்ளிருந்து வந்தாள். அவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்து நின்றுகொண்டு சீட்டை எடுத்தேன்.

"தியாப் ஹாரி தெங்கோக் காக்கி டியா." தினமும் அவர் காலைப் பாருங்கள்.

மிஷின் நின்றது. "என்னாலா இது, புதுசா இருக்கு?" என்று மருதமுத்து சிரித்தார். "'தெங்கோக்'னு அடிச்சுச் சொல்லக் கூடாது, தம்பி. கடைசி எழுத்து தொண்டையிலயே நிக்கணும்."

"ஆயர் பானாஸ் ஜாங்கான்." சுடுதண்ணீர் வேண்டாம்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "டிரெஸ்ஸரே, உக்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் பேசலாம்."

"கூலா ஜாங்கான்." சீனி வேண்டாம்.

"தம்பி, கொடி இன்னும் நூத்தி நாப்பது பாக்கி இருக்கு…"

"மெசின் ஜாங்கான் பிஜாக்." மிஷின் மிதிக்கக் கூடாது.

"'பீஜாக்'னு கொஞ்சம் நீட்டணும்" என்றார் மருதமுத்து, பழக்கத்தில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நாகம்மா எட்டையும் கேட்டாள். மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னாள். பிறகு கணவனைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாள். சுடுதண்ணீர் யார் சொன்னது என்பதுதான் கேள்வி. அது எனக்கே புரிந்தது. மருதமுத்து கையிலிருந்த நட்சத்திரத்தின் முனைகளை எண்ண ஆரம்பித்தார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கீழே உட்கார்ந்து அவருடைய காலை மடியில் எடுத்து வைத்துக் கட்டை அவிழ்த்தாள். கறுத்த விரலையும், தான் வைத்த சுடுதண்ணீரில் எழுந்த கொப்புளத்தையும் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அந்தப் பாதத்தில் விழுந்தது. அவருக்கு அது தெரியவில்லை. கட்டு அவிழ்ந்த கால் தெரிந்தது, அவள் முகம் தெரிந்தது. சொட்டு விழுந்தது தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாகு…" என்றார்.

அவள் எழுந்தாள். மிஷின் சக்கரத்திலிருந்து தோல் வாரை உருவினாள். சுருட்டிச் சாரோங்கின் இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ஐயோ, அது இல்லாம மிஷின் ஓடாதே! டிரெஸ்ஸரே, சொல்லுங்க அவகிட்ட! சுதந்திரம் வந்து வாசல்ல நிக்குது, கொடி இல்லாம எப்பிடிலா?"

"நீங்களே சொல்லுங்கண்ணே. எனக்கு எட்டு வாக்கியம்தான் தெரியும்."

இரண்டு நாளும் அவர் காலை ஊன்றவில்லை. ஊன்ற விடவில்லை என்று சொல்ல வேண்டும். கொல்லைப்புறம் போகக்கூட அவளும் அவள் தம்பியும் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். திங்கட்கிழமை கறுப்பு ஏறியிருக்கவில்லை. பெரிய டாக்டர் பெருவிரலை மட்டும் எடுத்தார். பாதம் நின்றது.

இந்த முறை வார்டிலிருந்து ஓட முடியவில்லை. அவருடைய வேட்டி சட்டையை நாகம்மா வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். ஆஸ்பத்திரி உடுப்போடு டவுனில் நடக்க அவருடைய தொழில் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "இந்தத் தையலு யாரு தச்சது? கைய நுழைச்சா கழுத்து வருது" என்று திட்டிக்கொண்டே படுக்கையில் உட்கார்ந்து கையூசியால் நட்சத்திரம் தைத்தார். பக்கத்துப் படுக்கைக்காரர் கொடியின் பிறையை வெட்டிக் கொடுத்தார். ஊசியை ஒவ்வொரு மாலையும் நான் எண்ணி வாங்கினேன். ஒன்று குறைந்தாலும் போர்வையை உதறிக் காலைத்தான் முதலில் பார்த்தேன்.

வீடு திரும்பியபோது நாகம்மா மிஷினை மாற்றி வைத்திருந்தாள். உறவுக்காரர் வீட்டிலிருந்த பழைய கைமிஷினின் பிடியைக் கழற்றி வந்து சக்கரத்தில் பூட்டியிருந்தாள். அவர் துணியை நகர்த்துவார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையால் சுற்றுவாள். வலது கால் சாமான் பெட்டிமேல் தலையணையில் சும்மா இருக்கும். வேகமாகச் சுற்றுகிறாய் என்பார், மெதுவாகச் சுற்றுகிறாய் என்பார். அவள் கையை எடுத்துவிட்டுக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவர் கெஞ்சுவார். அப்படிக் கெஞ்சிக் கெஞ்சி ஆகஸ்டு இருபத்தெட்டில் முந்நூறும் முடிந்தது.

புண் ஆறத் தொடங்கியதும் ஒரு செருப்புச் செய்யச் சொன்னேன். அடியில் டயர், மேலே தடித்த கித்தா ஸ்பான்ஜ், புண் வரும் இடத்தில் மட்டும் ஸ்பான்ஜில் ஒரு குழி. பாரம் சுற்றிலும் ஏறும், புண்ணின்மேல் ஏறாது. செருப்பு தைக்கும் சீனருக்கு இதைக் கையாலும் காகிதத்தாலும் விளக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

"ஓட்டையான செருப்பை எவனாவது புதுசா வாங்குவானா, தம்பி?" என்றார் மருதமுத்து.

"போட்டுப் பாருங்க."

"போட்டா மட்டும் எனக்கு என்னா தெரியப் போவுது?"

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மையான வார்த்தை அதுதான். "அவங்களுக்குத் தெரியும்" என்று நாகம்மாவைக் காட்டினேன்.

ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி காலை, தெருவெல்லாம் அவருடைய கொடி. என் அறையிலிருந்து எதிர்க்கடையைப் பார்த்தேன். சலவைச் சட்டை, சரிகைத் துண்டு. மருதமுத்து கொடியேற்றம் பார்க்கக் கிளம்பிவிட்டார். கீழே பார்த்தேன். வெறுங்கால்!

நான் கத்திக்கொண்டே படியிறங்கி ஓடினேன். "அண்ணே! செருப்பு!"

"இன்னைக்கு ஒரு நாளு, தம்பி. இந்தச் சட்டைக்கு அந்த டயரு எடுக்குமா? நம்ம கொடிய நாமளே போய்ப் பாக்கும்போது…"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஒரே சொல். "காக்கி." கால்.

மருதமுத்து அப்படியே நின்றார். திரும்பினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, லாடம் அடிக்க நிற்கும் குதிரை மாதிரி வலது காலைப் பின்னால் மடக்கித் தூக்கினார். நாகம்மா உள்ளங்கையால் பாதத்தை மேலிருந்து கீழாகத் தடவினாள், விரலிடுக்குகளைப் பார்த்தாள், செருப்பைக் கவிழ்த்துத் தட்டினாள், உள்ளே கைவிட்டுத் துழாவினாள். பிறகு மாட்டிவிட்டாள். இடது காலுக்கும் அதே மாதிரி. தினமும் நடப்பது என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"நீங்க மலாய் படிச்சதே என் பொழைப்பக் கெடுக்கத்தான்லா" என்றார் என்னைப் பார்த்து, ஒற்றைக் காலில் நின்றபடி.

நாகம்மா நிமிரவில்லை. அவள் கண் தரையில் இருந்தது. ஓடி வந்த அவசரத்தில் நான் செருப்புப் போட்டுக்கொள்ளவில்லை. அவள் என் காலைச் சுட்டி அதே சொல்லைச் சொன்னாள்.

எனக்கு இனிப்புநீர் இல்லை என்று சொல்ல மலாயில் வாக்கியம் இருந்திருக்கும். எனக்குத் தெரிந்த எட்டில் அது இல்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிக் காட்டினேன்.